டோக்கன் இல்லாத காலை

சுபுஹு தொழுத பாயை மடிக்கையில்
தகரத்தில் மழை தட்டியது.
பலமாக இல்லை,
வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்பதுபோல.

திருச்சி இருநூறு கிலோமீட்டருக்கு
இன்னும் இருபத்திரண்டு நாள்.
அட்டவணையில் இன்றைய கட்டத்தில்
என் கையெழுத்தேதான்:
பாலம் ஏறி இறங்கி, தங்கச்சிமடம் வரை, இரண்டு தடவை.
ஆவணியில் எழுதியவளுக்கு
ஐப்பசி நினைவில் இல்லை.

கூடத்தில் ட்ரெய்னர் இருக்கிறது.
பின்சக்கரத்தைக் கவ்விக்கொண்டு
போகாத ஊருக்கு ஓட்டச் சொல்லும்.
மூன்றாம் நிமிடம் கீழ்வீட்டுக் குழந்தை விழிக்கும்,
பத்தாம் நிமிடம் கரண்ட் போகும்,
அப்புறம் மூடிய சட்டியில் நண்டாக
நான் அவிய வேண்டும்.

மழைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.
தூறலுக்குப் போகலாம்.
தார்ச்சாலையில் குமிழி விட்டால் போகலாம், மெதுவாக.
மின்னினால் கூடாது.
காற்றுக்குத்தான் கணக்கு வரவில்லை.
பனைமட்டை எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்க்கலாம்தான்,
இருட்டு.

நேற்று இரவு ஒன்பதுக்கு
மீன்துறை அலுவலகப் பலகையில்
நான்தான் எழுதினேன்:
காற்று ஐம்பதைத் தொடும்.
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு.
விசைப்படகுகளுக்கு நாளை டோக்கன் இல்லை.
ஈரத்தில் சாக்பீஸ் பிடிக்கவில்லை.
'இல்லை'யின் மேல் மட்டும்
இன்னொரு முறை அழுத்தி எழுதினேன்.

அதை நினைத்துக்கொண்டேதான்
டயரில் காற்றைக் குறைத்தேன்.
எண்பது போதும், ஈரத்துக்கு.
முன்விளக்கு, பின்விளக்கு,
போனுக்கு ஒரு பால் கவர், கழுவிக் காயவைத்தது.
முடிவெடுத்ததாக ஞாபகம் இல்லை.
கைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு
எனக்குப் பிறகு சொல்லியனுப்பின.

பாலத்தின் வாயில் நின்றேன்.
இரும்பு இணைப்புகள் வரிசையாக,
எண்ணெய் பூசிய மாதிரி மினுங்கின.
போன வருடம் அதில் ஒன்று
என் இடது முழங்கையில்
கையெழுத்துப் போட்டிருக்கிறது.
மேலே நடுப்பாலத்தில்
ஒரு பஸ் விளக்கு சற்றே ஒதுங்கி, திரும்ப நேரானது.
அவ்வளவு பெரிய பஸ்.

போன் அடித்தது.
"பவுசியா மேடம், காணிக்கைராஜ்.
கிழக்கே வெளுத்த மாதிரி தெரியுது.
டோக்கனுக்கு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.
ஐஸ் ஏத்தியாச்சு, ஆளுகளும் வந்துட்டாக."
"இல்லண்ணே. காத்து அம்பது."
ஆபீஸ் குரல் எனக்கு நன்றாக வரும்,
தொடைவரை நனைந்திருந்தாலும்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"போன்ல என்ன அப்படி இரையுது?"
"ஃபேன்," என்றேன்.
பாக் நீரிணை முழுக்க
என் காதுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.
"கொறச்சு வைங்க மேடம்.
சளி பிடிச்சிக்கிரும்."
வைத்துவிட்டார்.

தெரிந்து சொன்னாரா,
இன்னும் கேட்கவில்லை.

வண்டியைத் திருப்பினேன்.
வாடை முதுகில் கைவைத்துத் தள்ள
மிதிக்காமலே முப்பத்தாறு.
என் கடிகாரம் வெட்கமில்லாமல்
அதையும் பயிற்சி என்று குறித்துக்கொண்டது.

வீட்டுக்குப் போகவில்லை.
ரயிலடிக்கும் பாலத்துக்கும் நடுவே
உடைமரங்கள் காற்றை மறைக்கிற துண்டுச் சாலை,
இரண்டு கிலோமீட்டர் இருக்கும்.
அதிலேயே போனேன், வந்தேன்.
போகும்போது முகத்தில் ஊசி,
வரும்போது ஒன்றுமில்லை.
பிரேக் கட்டையில் மணல் நறநறத்தது.
ஒரு நாய் முதல் இரண்டு தடவை துரத்தியது,
பிறகு அதற்கே அலுத்துவிட்டது.

ஒவ்வொரு திருப்பத்திலும் அலுவலகப் பலகை.
சாரல் முக்கால்வாசியைக் கழுவியிருந்தது.
ஐம்பது போய்விட்டது, கூண்டு போய்விட்டது.
அழுத்தி எழுதிய சொல் மட்டும் நின்றது.
ஆறாம் தடவைக்கு மேல்
அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

டீக்கடை சீனி முகம்மது
பாய்லருக்குப் பின்னாலிருந்து
எவ்வளவு நேரம் பார்த்தாரோ,
கடைசியில் ஓலைத்தட்டிக்கு வெளியே வந்தார்.
"எதையும் தொலைச்சிட்டீகளா?
அங்கிட்டும் இங்கிட்டும் தேடுறீகளே?"

"எட்டு கிலோமீட்டர்," என்றேன்,
நிறுத்தாமல்.